ஆகாயத்துக்கும் சுங்கச் சாவடி!

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று விமான நிலையத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். இதைக் கேட்டதும் சிலருக்குச் சிரிப்பு வரலாம். "ஆலையில் நின்று நின்று கால் கடுத்துப் போனவனுக்கும், நாற்று நட்டு இடுப்பு ஒடிந்தவளுக்கும் ஆகாய விமானம் எதற்கு? பஸ் கட்டணத்தைப் பற்றிப் பேசுங்கள், ரேஷன் கடையைப் பற்றிப் பேசுங்கள்" என்று கேட்கலாம்.

நியாயமான கேள்விதான். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். திருச்சி விமான நிலையத்தில் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் துபாய்க்கும் வரிசையில் நிற்பவர்கள் யார்? ஜமீன்தார் பிள்ளைகளா? மில் முதலாளியின் மருமகன்களா? அல்ல. பெரம்பலூரிலும் புதுக்கோட்டையிலும் ராமநாதபுரத்திலும் மழை பொய்த்த மண்ணை விட்டுக் கிளம்பிய நம் பிள்ளைகள். கொத்தனார், கம்பி கட்டுகிறவர், லாரி டிரைவர், வீட்டு வேலைக்குப் போகும் நம் சகோதரி. தாலிக்கொடியை அடகு வைத்து, வட்டிக்குப் பணம் புரட்டி, ஏஜெண்டுக்குக் கொடுத்தது போக மிஞ்சியதில் டிக்கெட் வாங்கியவர்கள். கன்னியாகுமரி மாவட்டத்துத் தொழிலாளர்களில் மிகப் பலருக்கு அருகில் இருப்பது திருவனந்தபுரம். அவர்கள் அங்கே போய் ஏறுகிறார்கள்.

ஆகவே விமான நிலையம் என்பது இனி பணக்காரர் வீட்டு விஷயம் அல்ல. அது நம் பிள்ளைகள் வேலைக்குப் போகிற வாசல். அந்த வாசலில் இன்று யார் உட்கார்ந்துகொண்டு காசு வசூலிக்கிறார்கள், எந்தக் கணக்கில் வசூலிக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்வது நம் கடமை.

டிக்கெட்டுக்குள் ஒளிந்திருக்கும் சுங்கம்

விமான டிக்கெட்டை வாங்கினால் அடியில் ஒரு நீளமான வால் இருக்கும். அதில் யு.டி.எஃப். என்று ஒன்று. 'பயன்படுத்துவோர் மேம்பாட்டுக் கட்டணம்' என்று இதற்குப் பொருள். ஏ.எஸ்.எஃப். என்று இன்னொன்று. இது பாதுகாப்புக் கட்டணம். 2021 ஏப்ரல் 1 முதல் உள்நாட்டுப் பயணிக்கு இதை 200 ரூபாய் ஆக்கினார்கள். வெளிநாடு செல்பவருக்கு 12 டாலர். யு.டி.எஃப். கட்டணத்துக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் உண்டு என்று 2019 அக்டோபரில் மத்திய மறைமுக வரி வாரியம் தெளிவுபடுத்தியது. கட்டணத்தின் தலையில் வரி!

விமானக் கம்பெனி டிக்கெட் விலையோடு சேர்த்தே இதை வாங்கி, நிலையத்தை நடத்துபவருக்குக் கொடுத்துவிடுகிறது. எனவே இந்தச் சுங்கம் யார் கண்ணிலும் படுவதில்லை. சந்தை வாசலில் ரசீதுப் புத்தகத்தோடு ஒருவன் உட்கார்ந்திருந்தால் நாம் சண்டைக்குப் போவோம். இங்கே ரசீதும் இல்லை, வாசலும் தெரியாது. ஆனால் பணம் போய்விடுகிறது.

திருவனந்தபுரத்தில் நடந்ததைப் பாருங்கள். அந்த நிலையம் 2021 அக்டோபரில் அதானி கம்பெனியின் கைக்கு, 50 ஆண்டுக் குத்தகையாகப் போயிற்று. 2024 ஜூனில் கட்டணத்தை உயர்த்த அனுமதி கிடைத்தது. அதற்கு முன் வெளிநாடு செல்லும் பயணி 1,069 ரூபாய் கட்டிவந்தார். 2024 ஜூலை முதல் அது 1,540 ஆயிற்று. 2025-26க்கு 1,680. 2026-27க்கு 1,820. அது மட்டுமா? வந்து இறங்குவோருக்கும் கட்டணம்! 2024-25ல் 660 ரூபாய், அடுத்த ஆண்டு 720, அதற்கடுத்த ஆண்டு 780.

கணக்குப் போடுவோம். 2026-27ல் துபாய்க்குப் போய்த் திரும்பும் ஒரு தொழிலாளி, போகும்போது 1,820, வரும்போது 780, ஆக 2,600 ரூபாய் கொடுக்க வேண்டும். 18 சதவீத வரி 468 ரூபாய். மொத்தம் 3,068 ரூபாய். 2025-26ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். அப்படியானால் ஒன்பது நாள் வெயிலில் மண் வெட்டிய கூலி முழுவதையும் கொட்டினாலும் இந்த வாசலைத் தாண்டப் போதாது. இது விமானத்துக்குக் கொடுக்கும் கட்டணம் அல்ல, தோழர்களே. அது தனி. இது தரையில் நடப்பதற்கு மட்டும்!

கல்லாப்பெட்டியின் மர்மம்

இந்தத் தொகையை யார் நிர்ணயிக்கிறார்கள்? 2008ல் பார்லிமெண்டு ஒரு சட்டம் போட்டது. அதன்படி விமான நிலையப் பொருளாதார ஒழுங்குமுறை ஆணையம் அமைந்தது. பெரிய நிலையங்களின் கட்டணத்தை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை இது நிர்ணயிக்கிறது. கட்டடத்துக்குப் போட்ட முதல், அதன் மேல் 'நியாயமான லாபம்', தேய்மானம், நடைமுறைச் செலவு, வரி எல்லாவற்றையும் கூட்டி, வருகிற பயணிகள் தலையில் வகுத்துவிடுகிறது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் முழு விஷயமும் புரிந்துவிடும்.

நம் ஊர்ச் சந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். சந்தைக்கு இரண்டு வருமானம். ஒன்று, வாசலில் வாங்கும் சுங்கம். மற்றொன்று, உள்ளே கடை போட்டவர்கள் கொடுக்கும் வாடகை. சந்தையைப் பெருக்க, விளக்குப் போட, கூரை மேய ஆகும் செலவுக்கு முதலில் கடை வாடகையை எடுத்து, குறைகிற தொகைக்கு மட்டும் வாசலில் வாங்கினால் சுங்கம் குறையும். இது ஒரே கல்லா முறை. கடை வாடகையைக் குத்தகைதாரன் தன் மடியில் கட்டிக்கொண்டு, செலவை மட்டும் வாசலில் வருகிறவன் தலையில் ஏற்றினால் சுங்கம் ஏறும். இது இரட்டைக் கல்லா முறை.

விமான நிலையத்திலும் இதே கதைதான். மதுக்கடை, துணிக்கடை, கார் நிறுத்துமிடம், விளம்பரப் பலகை, லவுஞ்ச் எனப்படும் சொகுசு ஓய்வறை எல்லாம் வருமானம் கொழிக்கும் இடங்கள். 2016ல் மத்திய அரசு வெளியிட்ட விமானப் போக்குவரத்துக் கொள்கை என்ன சொல்லிற்று? இந்த வருமானத்தில் 30 சதவீதத்தை மட்டும் பயணிகள் கட்டணத்தைக் குறைக்கக் கணக்கில் எடுத்தால் போதும் என்றது. நூறு ரூபாய் கடை வருமானம் வந்தால் முப்பது ரூபாய் நம் கணக்கில். எழுபது ரூபாய் நிலையத்தை நடத்துபவர் கணக்கில்.

அந்தக் கடைகளில் காசைக் கொட்டுபவர்கள் யார்? அதே பயணிகள். அந்தக் கடைகளுக்கு மதிப்பு வந்தது எதனால்? லட்சக்கணக்கான பயணிகள் அந்த வழியாக நடந்தே ஆக வேண்டும் என்பதனால். நம் கால் நடப்பதால் வந்த வருமானம், நம் கட்டணத்தைக் குறைக்க உதவாதாம்!

"ஒரே கல்லா முறை வைத்தால் முதல் போட யாரும் வரமாட்டார்கள்" என்கிறார்கள் முதலாளிமார். அப்படியா? முதலாளித்துவத்தின் தாய்வீடான லண்டனில், ஹீத்ரோ விமான நிலையத்தின் கட்டணத்தை ஒரே கல்லா முறையில்தான் நிர்ணயிக்கிறார்கள். அங்கே யாரும் முதல் போட மறுத்து ஓடிவிடவில்லை. அங்கே செல்லுகிற நியாயம் இங்கே ஏன் செல்லாது?

இன்னொரு விஷயத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுவோம். சர்க்காரின் விமான நிலைய ஆணையம் நடத்தும் நிலையங்களிலும் இந்தக் கட்டணம் உண்டு. அதையும் நாம் குறைக்கச் சொல்கிறோம். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அங்கே மிச்சமாகும் பணம் பொதுச் சொத்து. சென்னையில் மிஞ்சியதைக் கொண்டு, வருமானம் இல்லாத ஒரு சிறிய நிலையத்தை நடத்தலாம். தனியார் மடியில் விழுந்தது அப்படித் திரும்பி வராது.

கொடுத்தது யார்? வாங்கியது யார்?

2006ல் டில்லியும் பம்பாயும் தனியார் கைக்குப் போயின. அந்த ஆண்டு பிப்ரவரித் தொடக்கத்தில் நாடெங்கும் விமான நிலைய ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். "தங்கள் வேலைக்காகக் கூச்சல் போடுகிறார்கள்" என்று பெரிய பத்திரிகைகள் ஏளனம் செய்தன. நடந்தது என்ன? 2009 மார்ச் முதல் டில்லியில் ஏறும் உள்நாட்டுப் பயணியிடம் 200 ரூபாயும், வெளிநாட்டுப் பயணியிடம் 1,300 ரூபாயும் 'மேம்பாட்டுக் கட்டணம்' என்று வாங்கினார்கள். ஆணையம் நிர்ணயிக்காமல் இதை வசூலிக்கச் சட்டத்தில் இடமில்லை என்று 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று. ஊழியர்கள் போட்டது கூச்சலா, எச்சரிக்கையா?

அடுத்து 2019. ஆமதாபாத், ஜெய்ப்பூர், லக்னோ, மங்களூர், கௌஹாத்தி, திருவனந்தபுரம் ஆகிய ஆறு நிலையங்களை ஏலத்தில் விட்டார்கள். ஆறையும் ஒரே கம்பெனி எடுத்தது. ஒருவருக்கு இரண்டு நிலையங்களுக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று நிதி அமைச்சகத்தின் பொருளாதார விவகாரத் துறையே 2018 டிசம்பரில் எழுதியிருந்தது. அந்த யோசனை குப்பைக்கூடைக்குப் போயிற்று. 2021 ஜூலையில் பம்பாய் நிலையமும் அதே கம்பெனியின் கைக்குப் போனது. ஏகபோகம் என்று நாம் சொன்னால் பழைய பல்லவி என்கிறார்கள். இதற்கு வேறென்ன பெயர்?

கேரளம் சும்மா இருக்கவில்லை. நிலையத்தை நாங்களே நடத்துகிறோம் என்று மாநில அரசின் நிறுவனம் ஏலத்தில் நின்றது. பயணி ஒருவருக்கு 135 ரூபாய் மத்திய ஆணையத்துக்குத் தருவதாகச் சொன்னது. அதானி கம்பெனி 168 ரூபாய் என்றது. 2020 ஆகஸ்டில் கேரளச் சட்டசபை ஒரே குரலில் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. வழக்கும் நடந்தது, வெற்றி கிட்டவில்லை. அன்று கேரள மக்கள் அஞ்சியது என்ன என்பதை 2024 ஜூனில் வந்த கட்டண உத்தரவு காட்டிவிட்டது.

இரண்டு கதவுகள்

இனி உள்ளே போவோம். பரிசோதனையைத் தாண்டியதும் இரண்டு உலகம். ஒரு பக்கம் வரிசையாக உலோக நாற்காலிகள். மறு பக்கம் கண்ணாடிக் கதவு. கதவுக்குப் பின்னால் மெத்தை நாற்காலி, சூடான சாப்பாடு, குளிக்க அறை. வாசலில் ஒரு பெண் சிரித்த முகத்தோடு நிற்கிறார். "கார்டு இருக்கிறதா?" என்று கேட்கிறார்.

சில வங்கிக் கார்டுகளைத் தேய்த்தால் இரண்டு ரூபாய்தான் கழியும். உள்ளே போய் வயிறாரச் சாப்பிடலாம். இந்தத் தர்மம் எங்கிருந்து வருகிறது? போகிற ஒவ்வொரு தலைக்கும் வங்கியோ கார்டு கம்பெனியோ லவுஞ்ச் நடத்துகிறவருக்குப் பணம் கட்டுகிறது. அந்தப் பணத்தைக் கார்டின் ஆண்டுச் சந்தா, கடைக்காரரிடம் பிடிக்கும் கமிஷன், தவணை தவறியவரிடம் வாங்கும் வட்டி எனப் பல வழிகளில் வங்கி எடுத்துக்கொள்கிறது. மாதச் சம்பளமும் கடன் தகுதியும் உள்ளவனுக்கு இரண்டு ரூபாயில் விருந்து. வட்டிக்கு வாங்கி டிக்கெட் எடுத்தவனுக்கு, வெளியே ஒரு கோப்பைத் தேநீர் நூறு ரூபாய்க்கு மேல்!

நாம் மெத்தை நாற்காலிக்கு விரோதிகள் அல்ல. களைத்தவன் சாய வேண்டும். ஆனால் அந்த நிலையத்தில் மிகவும் களைத்தவன் யார்? முந்தின நாள் மாலை கிராமத்தில் பஸ் ஏறி, விடியற்காலை விமானத்துக்காக இரவு முழுவதும் வாசலுக்கு வெளியே பெட்டியின் மேல் தலை வைத்துப் படுத்திருக்கிறானே, அவன்! அவனுக்குச் சாய ஒரு பெஞ்சு கிடையாது. வழியனுப்ப வந்த தாய்க்கு நிழல் கிடையாது.

மாற்று வழி இல்லாமல் இல்லை. கொச்சி விமான நிலையம் 1999ல் திறக்கப்பட்டது. பல ஆயிரம் வெளிநாட்டு மலையாளிகள் பங்குப் பணம் போட்டார்கள். பெரும் பங்குதாரர் கேரள அரசு. அங்கே 2024 செப்டம்பரில் ஓர் ஓய்வு விடுதியைத் திறந்தார்கள். பரிசோதனைக்கு வெளியே, பயணிகளும் வழியனுப்ப வந்தவர்களும் தங்கும்படி, மணிக் கணக்கில் வாடகை. அது இலவசம் அல்ல. ஆனால் காத்திருப்பவன் எங்கே காத்திருக்கிறான் என்று யோசித்துக் கட்டியது.

தேநீர் விஷயத்தில் கூட ஒரு பாடம் இருக்கிறது. விமான நிலையத்தில் தேநீர் விற்கும் விலையைப் பற்றிப் பார்லிமெண்டில் குரல் எழுந்தது. வெளியிலும் ஜனங்கள் பேசினார்கள். 2024 டிசம்பரில் கல்கத்தா நிலையத்தில் மலிவு விலைச் சிற்றுண்டிக் கடை வந்தது. பத்து ரூபாய்க்குத் தேநீர், பத்து ரூபாய்க்குத் தண்ணீர், இருபது ரூபாய்க்குச் சமோசா. 2025 பிப்ரவரியில் சென்னையிலும் வந்தது. பத்து ரூபாய்க்கு விற்க முடியாது என்று இத்தனை வருஷம் சொன்னவர்கள் இன்று எப்படி விற்கிறார்கள்? கேட்டால் கிடைக்கும், கேட்காவிட்டால் நூறு ரூபாய்!

நம் கையாலேயே வேலை, நம்மிடமே கூலி

கடைசியாக யந்திரத்துக்கு வருவோம். முன்பு கவுண்டரில் ஒருவர் இருப்பார். டிக்கெட்டைப் பார்ப்பார், இடம் ஒதுக்குவார், பெட்டியில் சீட்டு ஒட்டுவார், போர்டிங் பாஸ் கொடுப்பார். இன்று அந்த இடத்தில் திரை வைத்த யந்திரம். பெயரைத் தட்டுவது நாம். இடம் தேர்ந்தெடுப்பது நாம். சீட்டை அச்சடித்துப் பெட்டியில் சுற்றுவது நாம். சில இடங்களில் பெட்டியைத் தூக்கிப் பட்டையில் வைப்பதும் நாம். கம்பெனிக்கு ஒரு சிப்பந்தியின் சம்பளம் மிச்சம். அந்த மிச்சத்தில் நமக்கு ஒரு காசாவது குறைந்ததா?

குறையவில்லை, கூடியது! 2020ல் கொள்ளைநோயைக் காரணம் காட்டி, வீட்டிலிருந்தே கைப்பேசியில் பதிவு செய்ய வேண்டும் என்று சர்க்கார் கட்டாயமாக்கியது. அதைச் சாக்காக வைத்துச் சில விமானக் கம்பெனிகள் கவுண்டருக்கு வருபவரிடம் தனிக் காசு வாங்கின. அது 200 ரூபாய் வரை போயிற்று. கைப்பேசியில் ஆங்கிலம் படித்துத் தட்டத் தெரியாதவன்தானே கவுண்டருக்கு வருவான்? எழுத்தறியாமைக்கு அபராதம்! எதிர்ப்பு எழுந்தது. 2022 ஜூலையில் விமானப் போக்குவரத்து அமைச்சகம், கவுண்டரில் போர்டிங் பாஸ் தர தனிக் கட்டணம் வாங்கக் கூடாது என்று சொன்னது.

இந்த வியாதி இங்கு மட்டும் அல்ல. 2023 ஆகஸ்டில் இங்கிலாந்தில் எழுபது வயது தாண்டிய ஒரு தம்பதி, கைப்பேசிப் பதிவில் தவறு நேர்ந்ததால் நிலையத்தில் சீட்டு வாங்கப் போனார்கள். ராயன்ஏர் கம்பெனி தலைக்கு 55 பவுன் வீதம் 110 பவுன் வாங்கியது. இரண்டு துண்டுக் காகிதத்துக்கு!

ஆலைத் தோழர்களுக்கு இது புதிய கதை அல்ல. ஒரு தறி பார்த்தவனை நாலு தறி பார்க்கச் சொன்னதும், 'சீரமைப்பு' என்ற அழகான பெயரில் ஆள் குறைத்ததும் நமக்குத் தெரியும். அன்றும் நாம் யந்திரத்தை உடைக்கச் சொல்லவில்லை. யந்திரம் மிச்சப்படுத்தும் உழைப்பின் பலன் யாருக்கு என்றுதான் கேட்டோம். இன்றும் அதே கேள்விதான்.

முகத்தைப் படம் பிடித்துக் கதவைத் திறக்கும் டிஜி யாத்ரா முறையும் 2022 டிசம்பரில் வந்தது. இது கட்டாயம் அல்ல என்று சர்க்காரே சொல்லியிருக்கிறது. "முகத்தைக் காட்டு" என்று யாராவது அவசரப்படுத்தினால், அடையாள அட்டையைக் காட்டிச் சாதாரண வழியில் போகிறேன் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு.

தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியவை

ஊரில் பயணம் கிளம்புகிறவரிடம் இந்த மூன்றையும் சொல்லி அனுப்புங்கள்.

ஒன்று: போர்டிங் பாஸுக்குக் கவுண்டரில் தனிக் காசு கேட்டால், 2022 ஜூலை உத்தரவைச் சொல்லுங்கள், ரசீது கேளுங்கள்.

இரண்டு: காலிப் பாட்டிலைக் கொண்டு போகலாம். பரிசோதனை தாண்டியபின் குடிநீர்க் குழாயில் பிடித்துக்கொள்ளலாம்.

மூன்று: டிக்கெட்டை ரத்துச் செய்தாலும், விமானத்தைத் தவறவிட்டாலும், பணம் திரும்பாது என்று எழுதிய டிக்கெட்டாக இருந்தாலும், அதில் சேர்த்து வாங்கிய வரிகளையும் நிலையக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. நடந்தே போகாத வாசலுக்குச் சுங்கம் எதற்கு? எழுதிக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது நம் ஊர்

தோழர்களே! இது திருவனந்தபுரத்தோடு நிற்கப் போவதில்லை. 2021 ஆகஸ்டில் மத்திய அரசு பொதுச் சொத்துக்களைப் பணமாக்கும் திட்டம் ஒன்றை வெளியிட்டது. அதில் 25 விமான நிலையங்களின் பட்டியல் இருந்தது. அந்தப் பட்டியலில் சென்னை இருக்கிறது, கோவை இருக்கிறது, மதுரை இருக்கிறது, திருச்சி இருக்கிறது. திருச்சியில் ஆயிரத்து நூறு கோடி ரூபாய்க்கு மேல் பொதுப் பணத்தைப் போட்டுப் புதிய முனையம் கட்டி, 2024 ஜனவரியில் திறப்பு விழா நடத்தினார்கள். நெல்லை விதைத்து, களை எடுத்து, கதிர் முற்றியபின் அறுவடையை மிராசுதாரிடம் ஒப்படைப்பதற்கா?

ஆகவே நம் கோரிக்கைகள் இவை:

கடை வருமானம் முழுவதையும் கணக்கில் எடுக்கும் ஒரே கல்லா முறையைக் கொண்டு வா!

வேலைக்குப் போகும் தொழிலாளியின் தலையில் ஏற்றிய நிலையக் கட்டணத்தைக் குறை!

யந்திரம் இருக்கட்டும், தமிழ் தெரிந்த மனிதர் இருக்கும் கவுண்டரும் இருக்கட்டும்!

வாசலுக்கு வெளியே இரவில் படுக்க இடமும், குடிநீரும், கழிப்பறையும் இலவசமாகக் கொடு!

நிலையத்தைப் பெருக்கி, பெட்டி சுமக்கும் ஒப்பந்தத் தொழிலாளரை நிரந்தரமாக்கு!

திருச்சி, மதுரை, கோவை, சென்னை நிலையங்களைத் தனியாருக்குத் தாரை வார்க்காதே!

ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை கட்டணம் நிர்ணயிக்கும்போது ஆணையம் ஆலோசனைக் கூட்டம் நடத்துகிறது. அபிப்பிராயம் கேட்டு அறிக்கை வெளியிடுகிறது. அங்கே கம்பெனியின் வக்கீல்கள் கட்டுக்கட்டாகக் காகிதத்தோடு போகிறார்கள். நம் பக்கம் நாற்காலி காலியாகக் கிடக்கிறது. இனி அது காலியாக இருக்கக் கூடாது. ஆலைச் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் வெளிநாட்டுத் தொழிலாளர் குடும்பங்களும் சேர்ந்து மனு எழுதுவோம், கையெழுத்து வாங்குவோம், ஆணையத்தின் முன்னால் போய் நிற்போம்.

சந்தைச் சுங்கத்தை எதிர்த்துப் போராடியவர்கள் நாம். ஆகாயச் சுங்கத்தையும் விடமாட்டோம்!